திரும்பி வரும் பகுதி

போனவர் கையில் குடை இருந்தது. திரும்பி வந்தவர் கையில் இல்லை.

அவ்வளவுதான் விஷயம். குடையை மறந்து வைத்துவிட்டு வருவது உலகத்தில் நடக்காத காரியமா? அவர் கம்ப்யூட்டரில் அந்த வீடியோக் கிளிப்பின் தலையையும் வாலையும் இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தார். தலையில், ஒரு ஆள் கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு புல்மேட்டில் ஏறிப் போகிறார். வளைந்த கைப்பிடி வைத்த நீளக் கறுப்புக் குடை, ஊன்றுகோல் போல வலது கையில். வாலில், அதே ஆள் கேமராவை நோக்கிக் குனிகிறார், வெறுங்கை திரையை அடைத்துக்கொண்டு வருகிறது, பிறகு இருட்டு. இரண்டிலும் இருப்பது அவரேதான். அதே பழுப்புச் சட்டை, அதே வழுக்கை. நடுவில் இருப்பதை அவர் பார்க்கவில்லை. எடிட்டிங் வேலையில் ஊறியவர்கள் எல்லாவற்றையும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. தலையையும் வாலையும் பார்த்தே உள்ளே என்ன இருக்கும் என்று சொல்லிவிடுவார்கள்.

எழுந்து போய் வாசல் கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியைப் பார்த்தார். ஆணி மட்டும் இருந்தது. பக்கத்துச் சுவரில், கைப்பிடி உரசி உரசி விழுந்த வளைவான கறை. படப்பிடிப்பு முடிந்து வீட்டுக்கு வந்து இரண்டு மாதமாகிறது. தினமும் இந்தக் கதவைத் திறந்து மூடுகிறார். குடை இல்லாதது இன்றுதான் கண்ணில் பட்டது. அதுவும் அது அவர் மனைவியின் குடை.

தனியாகப் பயணப்படம் எடுப்பவருக்கு ஒரு தொல்லை உண்டு. வெறும் மலையையும் ஏரியையும் காட்டிக்கொண்டிருந்தால் பார்ப்பவர்கள் தூங்கிப்போவார்கள். படத்துக்குள் ஒரு ஆள் நடக்க வேண்டும். ஆளுக்கு எங்கே போவது? கேமராவை முக்காலியில் நிறுத்தி, பொத்தானை அழுத்திவிட்டு, தானே நடந்து போக வேண்டும். கண்ணுக்கெட்டிய தூரம் போய்ப் புள்ளியாக வேண்டும். பிறகு அவ்வளவு தூரமும் நாக்குத் தள்ளத் திரும்பி வந்து கேமராவை நிறுத்த வேண்டும். படத்தில் போவது மட்டும் இருக்கும். ஒரு மனிதன் பரந்த வெளியில் தன்னந்தனியாக நடந்து மறைகிறான், பின்னணியில் இசை, பார்ப்பவர் நெஞ்சு உருகும். திரும்பி வரும் பகுதியை எல்லோரும் வெட்டித் தள்ளிவிடுவார்கள். அவரும் வெட்டினார். ஒன்றைக்கூடப் பார்க்காமல் வெட்டினார்.

இன்று பார்க்க உட்கார்ந்ததற்கு அரங்கக்காரர்தான் காரணம். நாளை மாலை படத்தைத் திரையிட அறுபது பேர் அமரும் சிறிய அரங்கத்தை வாடகைக்குக் கொடுத்தவர் அவர். காலையில் போனில் அழைத்து, போஸ்டரில் 'தனி ஒருவர் எடுத்த படம்' என்று போட்டிருக்கிறீர்களே, ஜனங்கள் நம்பமாட்டேன் என்கிறார்கள் என்றார். நடந்து போய், திரும்பி வந்து, கேமராவை நிறுத்துவது வரைக்கும் ஒரு காட்சியை வெட்டாமல் இணையத்தில் போடுங்கள், கூட்டம் தானாக வரும் என்றார். யோசனை நல்லதுதான். டீயைப் போட்டுக்கொண்டு அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். அப்போது நண்பகல். இப்போது ஜன்னலுக்கு வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது.

அந்த மேட்டுநிலத்தை அவருக்குக் காட்டியவள் மனைவிதான். முப்பது வருடம் ஊரார் கல்யாணங்களை வீடியோ எடுத்தே காலத்தை ஓட்டியவர் அவர். கல்யாணம் இல்லாத மாதங்களில் இருவரும் அங்கே போவார்கள். மரமே கிடையாது, மடிப்பு மடிப்பாகப் புல், இடிந்த கல்சுவர்கள், நாளுக்கு ஒரு பஸ், ஓயாத காற்று. அவள் நடப்பாள், அவர் எடுப்பார். ஒரு காட்சியில்கூட அவர் இருந்ததில்லை. அவள் போன பிறகு இரண்டு வருடம் அந்தத் திசைக்கே தலைவைக்கவில்லை. பிறகு ஒரு நாள் மகளிடம் போனில், அம்மாவுக்குப் பிடித்த இடத்தைப் பற்றி ஒரு படம் எடுக்கப்போகிறேன் என்று சும்மா சொல்லிவைத்தார். எடுங்கப்பா, முதல் ஷோவில் உங்க பக்கத்துல உட்கார்ந்து பார்ப்பேன் என்றாள்.

அந்த ஒரு சொல்லுக்காக எடுத்த படம் இது. தூரத்து நகரத்தில் வேலை பார்க்கிற மகள், அம்மாவின் காரியம் முடிந்து போனவள்தான், பிறகு வரவேயில்லை. கோபதாபம் எதுவும் கிடையாது. இருவருக்கும் பேச்சு வற்றிப்போயிருந்தது, அவ்வளவே. சாப்பிட்டீர்களா, சாப்பிட்டேன், உடம்பு எப்படி, இருக்கிறது. போன தடவை கிளம்பும் முன் ஆள் வைத்து வாசல் கதவில் ஒரு சின்னக் கண்ணாடியைப் பதித்துவிட்டுப் போனாள். உள்ளேயிருந்து கண் வைத்தால் வெளியே நிற்பவர் தெரிவார். தனியாக இருக்கீங்க, யாருன்னு பாத்துட்டுத் திறங்க என்றாள். அன்றிலிருந்து பார்ப்பதற்கு யாரும் வந்ததில்லை. இன்று மாலை பஸ்ஸில் மகள் வருகிறாள்.

மற்ற நாட்களின் கிளிப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்தது. ஏரிக்கரையில் கம்பீரமாக நடந்து போனவர், திரும்பும்போது சேற்றில் ஒரு செருப்பை விட்டுவிட்டு நொண்டிக்கொண்டு வந்தார். கல்சுவர்க் காட்சியில் பாதி வழியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எல்லாவற்றிலும் கடைசி ஒன்றுதான்: மூச்சு வாங்க வந்து, ஒரு கண்ணைச் சுருக்கி லென்ஸுக்குள் குனிந்து பார்த்து, பார்வையை நகர்த்தாமலே விரலைக் கொண்டுபோய்ப் பொத்தானை அழுத்துவார். முப்பது வருடப் பழக்கம். விரலுக்குக் கண் தேவையில்லை. இதில் எதைப் போட்டாலும் ஜனங்கள் ரசிப்பார்கள் என்று நினைத்தார்.

கூடவே, ட்ரெய்லருக்குக் கீழே வந்திருந்த கருத்துகள் நினைவுக்கு வந்தன. நல்ல கேமராமேன், அவர் பேரையும் போடுங்கள் என்று ஒருவர். இன்னொருவர் எழுதியிருந்ததை அவர் வேடிக்கையாக எடுத்துக்கொண்டு, சிரிக்கிற முகம் ஒன்றைப் பதிலாகப் போட்டிருந்தார். போன மாதம் நாங்கள் அந்த மேட்டுக்குப் போயிருந்தோம், உங்களைப் பார்த்தோம், குடையோடு நடந்துகொண்டிருந்தீர்கள், கை காட்டினோம், நீங்கள் கவனிக்கவில்லை, இன்னும் ஷூட்டிங் முடியவில்லையா?

இன்று காலை அதன் கீழே வேறொருவர் எழுதியிருந்தார். நானும் பார்த்தேன். ஆனால் மேட்டில் இல்லை. இந்தப் பக்கம், ஊருக்கு வரும் நெடுஞ்சாலையில்.

மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் தகரத்தில் விழும் சத்தத்தில் கம்ப்யூட்டரின் விசிறிச் சத்தம் அமுங்கிப்போனது. அறையில் பழைய துணி வாடையும், சூடேறிய பிளாஸ்டிக் வாடையும், அவற்றுக்கு அடியில் மெலிதாக வேறொரு வாடையும் இருந்தன. நனைந்த புல்லின் வாடை. இந்த ஊரில் புல் ஏது என்று நினைத்தபடியே, குடை காணாமல்போன அந்தக் கடைசி நாள் கிளிப்பைத் திறந்தார். இந்தத் தடவை நடுவிலிருந்து.

புல்மேடு. பழுப்புச் சட்டை சிறுத்துக்கொண்டே போகிறது. கல் வரும் இடங்களில் குடையின் இரும்பு முனை டக், டக் என்று படுகிறது, அதுவும் தேய்கிறது. மேட்டின் உச்சிக்குப் பின்னாலிருந்து மூடுபனி வழிந்து இறங்குகிறது. ஆள் அதற்குள் போகிறார். முதலில் கால் மறைகிறது, பிறகு தோள், பிறகு தலை. பிறகு வெறும் வெள்ளை. புல் மட்டும் ஒரே பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நிமிர்கிறது. அவர் வேகமாக ஓட்டினார். வெள்ளை. இன்னும் ஓட்டினார். வெளிச்சம் குறைகிறது. யாரும் வரவில்லை.

பிறகு வந்தார்.

மேட்டிலிருந்து வரவில்லை. கேமராவுக்குப் பின்னாலிருந்து வந்தார். இடப்பக்க ஓரத்தில் ஒரு தோள் முதலில் நுழைந்தது. பிறகு பழுப்புச் சட்டை முதுகு. அந்த ஆள் கேமராவைத் தாண்டி ரெண்டடி வைத்து, மூடுபனியைப் பார்த்தபடி அசையாமல் நின்றார். கைகள் தொங்கின. காற்றில் புல் எல்லாம் சாய்ந்தது. சட்டை மட்டும் அசையவில்லை.

பிறகு மெதுவாகத் திரும்பி, லென்ஸுக்குள் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். அவர் முகம்தான். விரல்கள் மேலே வந்து, கேமராவின் பக்கவாட்டைத் தடவின, அடியைத் தடவின, கண்ணாடி மேலேயே ஒருமுறை தடவின. பொத்தான் எங்கே இருக்கிறது என்று தெரியாதவனின் விரல்கள். கடைசியில் தட்டுப்பட்டது. இருட்டு.

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். அப்புறம் தன்னையே திட்டிக்கொண்டார். வேறு வழியாகச் சுற்றி வந்திருப்பேன், குளிரில் விரல் விறைத்திருக்கும், வயசு ஆகவில்லையா என்று சொல்லிக்கொண்டார். கண்ணை மூடி அந்த மாலையை நினைத்துப் பார்த்தார். ஈரப் புல். காற்று. பழுப்புச் சட்டை மேட்டில் ஏறிப் போகிறது, டக் டக் என்ற சத்தம் தேய்கிறது. எல்லாம் தெளிவாக நினைவிருந்தது. ஒன்றுதான் இடித்தது. நினைவில் அவர் பார்த்துக்கொண்டிருந்தது முதுகை. நடந்து போகிற ஆளுக்குத் தன் முதுகு எப்படித் தெரியும்?

போன் அடித்தது. மகள்.

பஸ் ஊருக்குள் வந்துவிட்டது, மழையில் ஊர்ந்துகொண்டிருக்கிறது, நனைந்துகொண்டு ஸ்டாண்டுக்கு வர வேண்டாம், என்னிடம் சாவி இருக்கிறது, நானே வந்துகொள்கிறேன் என்றாள். குரலில் சந்தோஷம் இருந்தது. எவ்வளவு நாளாகக் காத்திருந்த குரல்.

"சரி பாப்பா," என்றார்.

"என்னப்பா, ஷூட்டிங் போயிட்டு வந்ததுலேருந்து பாப்பா பாப்பாங்கறீங்க? என் சின்ன வயசு வீடியோல கூப்பிடுவீங்களே, அந்த மாதிரியே இருக்கு. நீங்க எனக்கு வச்ச பேரு மறந்துபோச்சா?"

"அது எப்படி மறக்கும்?"

"அப்ப சொல்லுங்க பாப்போம்."

அவர் வாயைத் திறந்தார். மழை பெய்தது. மகள் சிரித்துவிட்டு, வந்து வைத்துக்கொள்கிறேன் உங்களை என்று போனை வைத்தாள்.

ஒரு பேர் இருந்தது. வீட்டுக்குள் மட்டும் கூப்பிடுகிற பேர். பிறத்தியார் முன்னால், அதுவும் கேமரா முன்னால், அந்தப் பேரைச் சொல்லக் கூடாது என்று சின்ன வயசிலேயே மகள் போட்ட சட்டம். இதையும் ஒரு வீடியோவில் அவளே சொல்லியிருந்தாள், கன்னத்தை உப்பிக்கொண்டு. சட்டம் தெரிந்தது. பேர் தெரியவில்லை. அடியோடு காணவில்லை, அந்த இடம் வழித்துத் துடைத்ததுபோல இருந்தது.

மனைவியை நினைத்தார். சிவப்பு ஸ்வெட்டரில் கல்சுவரைத் தாண்டுகிறாள், திரும்பிப் பார்க்கிறாள், எடுத்தது போதும் என்று கையால் முகத்தை மறைக்கிறாள். ஏரிக்கரையில் குடையை ஊன்றி நின்று சிரிக்கிறாள். கேமராவை நிறுத்தியதும் என்ன பேசினாள்? இருட்டு. சமையலறையில் என்ன முணுமுணுத்துக்கொண்டு வேலை செய்வாள்? இருட்டு. அவள் இருமல் எப்படி இருக்கும்? ஆஸ்பத்திரியில் கடைசியாக அவர் கையைப் பிடித்து என்ன சொன்னாள்?

ஆஸ்பத்திரியில் யாரும் கேமரா வைத்திருக்கவில்லை.

கிளிப்பை மறுபடி ஓட்டி, அந்த ஆள் மூடுபனியைப் பார்த்து நிற்கிற இடத்தில் வைத்தார். ஹெட்ஃபோனை மாட்டி, ஒலியைக் கூட்டினார். காற்று. இன்னும் கூட்டினார். காற்றுக்கு உள்ளே, வெகுதூரத்தில், வெள்ளைக்கு உள்ளேயிருந்து ஒரு குரல். மூச்சு வாங்குகிற குரல். அவருடைய குரல்.

"யாருங்க அது? கேமராவத் தொடாதீங்க. இதோ வந்துட்டேன்."

டக். டக். டக் டக் டக். குடை கல்லில் படும் சத்தம் வேகமெடுக்கிறது. ஓடி வருகிற சத்தம். மூடுபனியில் பழுப்பாக ஒரு புள்ளி. அந்த ஆள் திரும்புகிறார். குனிகிறார். விரல்கள் தடவுகின்றன.

இருட்டு.

ஹெட்ஃபோனைப் பிடுங்கி எறிந்தார். கம்ப்யூட்டரை அணைத்தார். அணைந்த கறுப்புத் திரையில் ஒரு முகம் தெரிந்தது. அதை அவர் பார்க்கவில்லை. பார்க்க விருப்பமில்லை. எழுந்து வீட்டிலிருந்த எல்லா விளக்குகளையும் போட்டார். மகள் வந்துவிடுவாள். வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். அவளுக்கு டீ போட்டுக் கொடுக்கலாம். நாளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்ப்பாள். இருட்டில் தோளில் சாய்ந்தாலும் சாய்வாள். அது போதும். நான் யாராக இருந்தால்தான் என்ன என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அந்த நினைப்பு வந்த வேகத்தில் அவருக்கே குளிரெடுத்தது. வாசல் கதவுக்குப் போய்த் தாழ்ப்பாளைப் போட்டார்.

மழை விட்டிருந்தது. கூரையிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும். கீழே மாடிப்படியின் இரும்புக் கதவு கிரீச்சிட்டது.

செருப்புச் சத்தம். மகளின் நடை, படபடவென்று. அவர் முகம் மலர்ந்தது.

டக்.

செருப்புச் சத்தம் நின்றது. யாருக்காகவோ காத்திருந்தது.

டக். டக்.

"மெதுவா ஏறுங்கப்பா. ஸ்டாண்டுக்கு வர வேணாம்னு எத்தனை தடவை சொன்னேன்? காலப் பாருங்க, எப்படிப் புண்ணாகியிருக்கு. செருப்பு எங்க?"

மூச்சு மட்டும். ரொம்ப தூரம் நடந்து வந்த மூச்சு.

"அம்மா குடைய இன்னும் பத்திரமா வச்சிருக்கீங்களேப்பா." மகளின் குரல் தழுதழுத்தது.

டக்.

"நீ முன்னால போ, எலிக்குஞ்சு. எனக்கு ஒண்ணும் இல்ல."

எலிக்குஞ்சு.

உள்ளே நின்றவர் அந்தப் பேரை இப்போதுதான் முதல்முறையாகக் கேட்டார்.

கதவில் சாவி நுழைந்தது. திரும்பியது. கதவு அசைந்து, தாழ்ப்பாளில் இடித்து நின்றது. மறுபடி இடித்தது. அவர் மூச்சை அடக்கினார். அடக்குவதற்கு மூச்சு இருந்ததா என்று தெரியவில்லை. நெஞ்சில் கை வைத்துப் பார்க்கப் பயமாக இருந்தது.

"உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருக்கே." மகளின் குரல் இறங்கியது. "அப்பா, உள்ள யாரு?"

"யாரும் இல்லையே," என்றது அந்தக் குரல். "நான் தனியாத்தானே இருக்கேன்."

நான்தான் பாப்பா. நான்தான் உள்ளே இருக்கிறேன். அவர் வாயைத் திறந்தார். தொண்டையிலிருந்து காற்று வந்தது. மரமில்லாத வெளியில் புல்லைச் சாய்த்துக்கொண்டு போகும் காற்று. வேறெதுவும் வரவில்லை.

மகளை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. கதவில் கை ஊன்றி, அந்தச் சின்னக் கண்ணாடியில் கண்ணை வைத்தார். மகள் நின்றாள். தலைமுடியில் மழைத்துளிகள். இளைத்திருந்தாள். இரண்டு வருடத்துக்கும் மேலாகப் பார்க்காத முகம். அவள் பக்கத்தில், கூரையின் சொட்டுத் தண்ணீருக்கு இப்போது விரித்த கறுப்புக் குடை ஒன்று ஒரு ஆளின் தலையை மறைத்திருந்தது. அதற்குக் கீழே, நிறம் போன பழுப்புச் சட்டை. இடுப்புவரை புல்விதைகள் ஒட்டியிருந்தன.

குடை மடங்கியது.

தாடி. வெடித்த உதடு. வெயிலில் தோலுரிந்த வழுக்கை. அந்த மனிதர் மகளை மெல்லத் தனக்குப் பின்னால் நகர்த்தினார். கதவருகே வந்தார். ஒரு கண்ணைச் சுருக்கி, கண்ணாடிக்குள் குனிந்தார். மூச்சு வாங்கியது. பார்வையை நகர்த்தவில்லை.

கை மட்டும் மேலே வந்தது. விரல் எதையும் தடவவில்லை. தேடவில்லை.

இருட்டு.